ஓரக்கறை இல்லாத படம்

ஜமுனாமரத்தூர்
9-7-1978

அன்புள்ள கெங்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் உன் அப்பாவும் சுகம்தானே? மலைப்பாதை வளைவில் தலை சுற்றும் என்று நீ பயமுறுத்தினாய். சுற்றியது. இதை உன் அப்பாவிடம் சொல்லி வைக்காதே.

உறைவிடப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் என்று ஆர்டரில் போட்டிருக்கிறது. வந்து பார்த்தால் கணக்குப் பாடம், சாப்பாட்டுப் பந்தி, விடுதிக் காவல் எல்லாம் என் தலையில். எனக்கென்று ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறை. சமையல் செய்யும் முத்தம்மா இந்த மலைக்காரி. களி கிண்டிப் போடுகிறாள், கேள்வி கேட்கிறாள், இரண்டுக்கும் குறைவில்லை.

'வெறும் தண்ணியில இன்னாத்த வரைவீங்க' என்று கேட்டாயே, இத்துடன் ஒரு படம் அனுப்பியிருக்கிறேன். எதிர்மலைதான். நீலத்தை நிறையத் தண்ணீர் விட்டு மலை முழுவதும் மெல்லிசாக ஒரு பூச்சு. அது நன்றாகக் காய்ந்த பிறகு, தூரத்து மலையை அப்படியே விட்டுவிட்டு நடு மலைக்கு இன்னொரு பூச்சு. அதுவும் காய்ந்த பிறகு கிட்டத்து மலைக்கு. ஒரே நீலம்தான், அடுக்க அடுக்கக் கனக்கிறது. எடுத்தவுடனே கெட்டியாக அப்பினால் எல்லா மலையும் மூக்குக்கு நேரே வந்து நிற்கும்.

கல்யாணமாகி மூன்று வருஷம் உங்கள் வீட்டோடு இருந்துவிட்டு, இங்கே தனியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. போளூர்ப் பக்கமே மாற்றல் கேட்டு ஒரு வருஷத்துக்குள் வந்துவிடுவேன். கவலைப்படாதே.

உன்
தீர்த்தகிரி


போளூர்
21-7-1978

அன்பும் மரியாதையும் உள்ள என் வீட்டுக்காரருக்குக் கெங்கம்மாள் எழுதுவது.

நானும் அப்பாவும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்துக்கு எழுதுங்கள், முக்கியமாக அந்தத் தலைசுற்றலுக்கு. சத்தியமாக அப்பாவிடம் சொல்லவில்லை. அவரே கேட்டார், நான் சிரித்துவிட்டேன், அவ்வளவுதான்.

படம் வந்தது. கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இன்னாம்மா இது, அடியில பென்சில் கோடெல்லாம் தெரியுது? ஒரு கோட்டிங் அடிச்சா சுவரு மறையணும். அதான் பெயிண்டு" என்றார். சுண்ணாம்பும் காவியும் ஆயில் பெயிண்டும் விற்றே முப்பது வருஷம் ஓட்டியவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? நான் படத்தை உள்ளறையில், காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். காலையில் விளக்கேற்றும்போது மலை நன்றாக இருக்கிறது. மத்தியானம் அவ்வளவு நன்றாக இல்லை. ஏன் என்று தெரியவில்லை.

கடைக்கு வருகிற பெண்கள் எல்லாம் 'உன் வூட்டுக்காரரு எப்ப வர்றாரு' என்று ஒரே கேள்விதான். வருஷத்துக்குள் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதீர்கள்.

பாதம் பணியும்
கெங்கம்மாள்


ஜமுனாமரத்தூர்
13-8-1978

அன்புள்ள கெங்காவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, சளியைத் தவிர. அங்கே எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

உன் அப்பாவிடம் சொல்: அவர் கடைப் பெயிண்டு மறைக்கிறதற்கு. இது மறைக்காது. அடியில் போட்டது மேலே தெரிய வேண்டும், அதனால்தான் நிறம் வருகிறது. வெள்ளை வேண்டுமென்றால் முதலிலேயே காகிதத்தைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். அப்புறம் ஞாபகம் வந்து பிரயோசனமில்லை.

இந்த மாதம் முழுக்க நிழலோடு மல்லுக்கட்டினேன். பலாமரத்து நிழலுக்குக் கறுப்பைப் போட்டேன், பள்ளம் வெட்டியது மாதிரி ஆகிவிட்டது. நிழல் கறுப்பே இல்லை, கெங்கா. செம்மண் மேல் விழுந்தால் செம்மண் அதில் இருக்கிறது, புல் மேல் விழுந்தால் பச்சை இருக்கிறது. இப்போது நீலத்தோடு செம்பழுப்பைக் கலந்து, கீழே உள்ள நிறம் தெரிகிற மாதிரி மெல்லிசாகப் போடுகிறேன். பாறைக்கு இன்னொரு வித்தை. பூச்சு ஈரமாக இருக்கும்போதே கல் உப்பைத் தூவினால், உப்பு அங்கங்கே நிறத்தை உறிஞ்சிப் பொரிப்பொரியாக விட்டுவிடும். காய்ந்ததும் தட்டிவிட்டால் நிஜப் பாறை. முத்தம்மா பார்த்துவிட்டு, "உப்ப இப்புடி வாரி எறைக்கிறியே சாரு, கொழம்புல போட்டா நாலு பேரு துன்னுவாங்க" என்றாள். அன்று குழம்பில் உண்மையிலேயே உப்பு இல்லை.

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் வருகிறேன். உன்னை உட்காரவைத்து வரைய வேண்டும். மலையும் மரமும் போதும்.

உன்
தீர்த்தகிரி


போளூர்
14-10-1978

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நல்லபடியாக மலை ஏறினீர்களா? ஒரு வரி எழுதவில்லையே. இங்கே நலம்.

லீவு முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே ஏன் கிளம்பினீர்கள்? நான் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டீர்கள். விடுதியில் வேலை என்றீர்கள். லீவில் விடுதியில் யார் இருக்கிறார்கள்? அப்பா கேட்டதற்கு, பஸ்ஸில் கூட்டம் இருக்காது என்று நானாக ஒரு காரணம் சொன்னேன்.

இன்னொன்று. மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தவளைக் கழுத்து பிடித்துக்கொள்கிற வரை அசையாதே என்று உட்காரவைத்து வரைந்தீர்களே, அந்தப் படம் எங்கே? கடைப்பலகை மேல் வெயிலில் காயவைத்ததாகச் சொன்னீர்கள். தேடிவிட்டேன், இல்லை. கையோடு கொண்டுபோய்விட்டீர்களா? எனக்கு ஒரு தடவைகூடக் காட்டவில்லை.

தீபாவளிக்கு அவசியம் வாருங்கள். அப்பா உங்களுக்கு வேட்டி எடுத்திருக்கிறார்.

கெங்கம்மாள்


ஜமுனாமரத்தூர்
14-11-1978

அன்புள்ள கெங்காவுக்கு,

நலம். உங்கள் நலத்தையும் வேண்டுகிறேன். தீபாவளிக்கு வர முடியாமல் போனதில் உனக்குக் கோபம் இருக்கும். விடுதியில் காய்ச்சல், ஆள் இல்லை. வேட்டியை எடுத்து வை.

உனக்குச் சந்தோஷமான சேதி. பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வேலூர் ஆபீசுக்குப் போய் மாற்றல் மனுவை நேரில் கொடுத்துவிட்டேன். அன்று விடிந்ததிலிருந்து மலையில் ஓயாத மழை. நனைந்துகொண்டே முதல் பஸ் பிடித்து இறங்கி, இருட்டிய பிறகு திரும்பினேன். பார்க்கலாம் என்றார்கள். நாளாகும் போலிருக்கிறது.

சாமை அறுப்பு தொடங்கிவிட்டது. கதிரின் சொரசொரப்புக்குப் பிரஷ்ஷைத் துணியில் பிழிந்து, ஏறக்குறைய உலர்ந்த முடியால் காகிதத்தின் மேட்டில் மட்டும் படும்படி உரச வேண்டும். இன்னும் கை படியவில்லை.

உன்
தீர்த்தகிரி


போளூர்
1-12-1978

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அந்த மழையில் நனைந்ததற்குச் சளி கூடியிருக்குமே. வேலூர் போய் வந்ததைப் படித்தவுடனே கடைக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். சாயங்காலம் அவர் பக்கோடா வாங்கி வந்தார்.

எனக்குக் கொஞ்ச நாளாகப் பித்தம். சுண்ணாம்பு வாசமும் ஆயில் பெயிண்டு வாசமும் சேர்ந்து வயிற்றைப் புரட்டுகிறது. கடைப்பக்கம் போவதில்லை. கவலைப்பட வேண்டாம், கைவைத்தியம் நடக்கிறது.

என் படத்தைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வாருங்கள். எத்தனை அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. வருவீர்கள் அல்லவா? நேரில் பேச நிறைய இருக்கிறது.

கெங்கம்மாள்


ஜமுனாமரத்தூர்
3-1-1979

அன்புள்ள கெங்காவுக்கு,

பித்தம் தணிந்ததா? இஞ்சியைத் தேனில் ஊறவைத்துச் சாப்பிடு. தேன் இங்கே நன்றாகக் கிடைக்கிறது, ஆள் வந்தால் கொடுத்து விடுகிறேன்.

பொங்கலுக்கு வர இயலாது போலிருக்கிறது. ஊர்க்காரர்கள் மாடு விடும் விழாவுக்குப் பள்ளிக்கூடத்தைக் கேட்டிருக்கிறார்கள், பொறுப்பு என்னுடையது. உன் படத்தில் முகத்து நிழல் சரியாக வரவில்லை, அதனால்தான் காட்டவில்லை.

அதற்குப் பதிலாக இதுவரை நான் போட்டதிலேயே நல்ல படத்தை உனக்கு அனுப்புகிறேன். மழையில் மலை. பார், மலை எங்கே முடிகிறது, மூட்டம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஒரு இடத்திலும் ஓரக்கறை இல்லை. காகிதம் பாதி காய்ந்த பிறகு மேலே தண்ணீர் பட்டால் ஓரத்தில் ஒரு கோடு விழுந்துவிடும், என்ன செய்தாலும் போகாது. ஆகவே ஈரம் காய்வதற்குள் அடுத்த நிறம், அதற்குள் அடுத்தது. மழை நாளானதால் காகிதம் காயவே இல்லை. விடிந்து தொடங்கினேன், பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. முத்தம்மா கொண்டுவந்த களி பக்கத்திலேயே இறுகிவிட்டது. இது உன் அப்பாவுக்குக்கூடப் பிடிக்கும்.

உன்
தீர்த்தகிரி


போளூர்
12-1-1979

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நாங்கள் நலம். பொங்கல் பானைக்குக் காவி பூசிக்கொண்டே இதை எழுதுகிறேன், கறை பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் மிக நன்றாக இருக்கிறது. நிஜமாகச் சொல்கிறேன். அப்பாவே வெகுநேரம் கையில் வைத்திருந்தார். "இது எப்புடி அடிச்சாரு, எங்கயும் ஜாயிண்ட்டே தெரியலையே" என்றார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்ததில் மூலையில் பென்சிலால் எழுதியிருந்த தேதியையும் படித்தார். 10-11-78.

நான் அடுப்படிக்குப் போய் உங்கள் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை, விடிந்ததிலிருந்து மழை, முதல் பஸ், வேலூர். வேறொரு நாள் உட்கார்ந்து முடித்திருக்கலாம் என்று உங்களுக்காக நானே வாதாடிப் பார்த்தேன். நடுவில் எழுந்தால் கோடு விழும் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். கோடு இல்லை. நானும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துத் தேடிவிட்டேன், ஒரு இடத்திலாவது இருக்காதா என்று.

நீங்கள் வேலூருக்குப் போகவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொல்லுங்கள், என்னிடம் வர ஏன் பிடிக்கவில்லை?

கெங்கம்மாள்


ஜமுனாமரத்தூர்
11-2-1979

கெங்கா,

உன் உடம்பு இப்போது எப்படி? ஒரு மாதமாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

லீவு போட்டது நிஜம். மனு சட்டைப்பையில் இருந்ததும் நிஜம். பஸ் வந்து நின்றது. காசி டிரைவர், "வா சாரு, மய வலுக்கறதுக்குள்ள எறங்கிடலாம்" என்று கூப்பிட்டார். ஏறவில்லை. பஸ் போன பிறகு அறைக்கு வந்து காகிதத்தை நனைத்தேன்.

உன்னிடம் வரப் பிடிக்காமல் இல்லை. உங்கள் வீட்டுக்கு வர முடியவில்லை. நீ கோயிலுக்குப் போயிருந்த அன்று உன் படத்தைக் கடைப்பலகை மேல் காயவைத்திருந்தேன். செங்கத்திலிருந்து யாரோ வீட்டுக்குப் பெயிண்டு வாங்க வந்திருந்தார்கள். விலை அதிகம் என்றார்கள். உன் அப்பா அந்தப் படத்தை எடுத்து, ஈரத்துணியால் ஒரு இழு இழுத்துக் காட்டினார். "பாத்தீங்களா, தொடச்சா மூஞ்சியே காணோம். இது எங்க மாப்ள அடிக்கிற பெயிண்டு. இப்ப நம்ம சரக்கத் தொடச்சுப் பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வியாபாரம் படிந்தது. நான் உள்கதவருகில் நின்றுகொண்டிருந்தேன்.

படம் இங்கே பெட்டியில் இருக்கிறது. கையும் மிளகாயும் நன்றாக இருக்கின்றன. சம்பளமில்லாமல் மூன்று வருஷம் அந்தக் கடையில் டப்பா அடுக்கினேன், அப்போதெல்லாம் வலிக்கவில்லை. இது வலித்தது. உன்னிடம் சொன்னால் நீ அவரோடு சண்டை போடுவாய், அல்லது போடாமல் இருப்பாய். இரண்டையும் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பொய் எழுதியது தப்பு.

தீர்த்தகிரி


போளூர்
18-2-1979

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

சுகம். சாப்பாட்டை இறுக விடாமல் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு முதலில் ஞாபகமே வரவில்லை. வந்ததும் முகம் செத்துவிட்டது. "அது உன் படமாம்மா? சத்தியமா தெரியாது. யாரோ ஒரு பொம்பளன்னு நெனச்சேன்" என்றார். பெற்ற தகப்பனுக்கே அடையாளம் தெரியவில்லை என்றால் உங்கள் லட்சணத்தையும் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. அன்று ராத்திரி அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்தார். காலையில், "இன்னொரு தபா வரையச் சொல்லு. அட்டை எவ்ளோ வெலையானாலும் நான் வாங்கித் தர்றேன்" என்றார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும். அவர் செய்தது தப்பு. அதை அவரிடமே சொல்லிவிட்டேன். சண்டையும் போட்டேன், நீங்கள் பார்க்கத்தான் இல்லை.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். ஜூலையிலிருந்து நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் எடுத்துப் படித்தேன். பலாமரம் வருகிறது, பாறை வருகிறது, முத்தம்மாவின் உப்பு வருகிறது. 'வருகிறேன்', 'வர முடியாது' என்று உங்கள் வரவே இருக்கிறது. இந்த வீட்டுக்கு வர முடியவில்லை என்கிறீர்கள், சரி. 'நீ இங்கே வா' என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எழுதினீர்களா? நான் அப்பாவை விட்டு வரமாட்டேன் என்று யார் சொன்னது? அப்பாவுக்குச் சமைக்கத் தெரியும், கடையில் ஆள் இருக்கிறது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

எனக்கு அழுகையாக வருகிறது. இதோடு நிறுத்துகிறேன்.

கெங்கம்மாள்


ஜமுனாமரத்தூர்
22-2-1979

என் கெங்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் இப்போதுதான் உன் கடிதம் படித்தேன், உடனே எழுதுகிறேன்.

வா.

கேட்காததற்குக் காரணம் ஒன்றுதான். கேட்டு நீ மாட்டேன் என்றால், அதற்குப் பிறகு எனக்குப் போக இடம் இல்லை. கேட்காமல் இருந்தால் நீ வருவாய் என்று நினைத்துக்கொண்டாவது இருக்கலாம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அறைதான். மழைக்கு மூலையில் ஒழுகும். தண்ணீர் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும், நான் இறைப்பேன். காய்கறி சந்தையன்றுதான். பேச்சுத் துணைக்கு முத்தம்மா, அவள் உன்னைப் பற்றி ஏற்கெனவே எல்லாம் கேட்டு வைத்திருக்கிறாள். "பொஞ்சாதிய கூட்டிக்கினு வராத ஆம்பளைக்கு இன்னாத்துக்கு வூடு" என்று இன்று காலைகூடக் கேட்டாள். படம் வரைவது எனக்குப் பெரிசுதான். ஆனால் பொழுது சாய்ந்து பிரஷ்ஷைக் கழுவி வைத்த பிறகு இந்த அறையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எனக்கு நீ வேண்டும்.

உன் அப்பாவோடு நான் பேசமாட்டேன் என்று நினைக்க வேண்டாம். உன்னைக் கொண்டுவந்து விட அவர் வந்தால் என் அறையில்தான் சாப்பிட வேண்டும். அதற்குச் சம்மதமா என்று கேள்.

தீர்த்தகிரி


போளூர்
27-2-1979

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நான் சௌக்கியம். இந்தத் தடவை இந்த வரியை விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு இது ஐந்தாம் மாதம். பித்தம் என்று எழுதியது அதுதான். கார்த்திகையிலேயே தெரியும். பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தால் என்னைப் பார்த்ததும் உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்பா உங்களுக்குக் கார்டு போட மூன்று தடவை கிளம்பினார். ஒவ்வொரு தடவையும் சாப்பிடமாட்டேன் என்று சொல்லி நிறுத்தினேன். நீங்கள் ஒரு பொய் எழுதினீர்கள், நான் ஒன்றை எழுதாமல் விட்டேன். கணக்கு நேராகிவிட்டது, அதைப் பற்றி இனி இருவரும் பேச வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறதாம். இப்போது பஸ் ஏறலாம், ஏழு மாதத்துக்கு மேல் கூடாது என்றார்கள். பிரசவத்துக்கு நான் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். அப்போது நீங்களும் வரத்தான் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அப்பாவும் வருகிறார். உங்கள் அறையில் சாப்பிடச் சம்மதமாம். வளைவில் அவருக்குத் தலை சுற்றினால் நான் பார்த்துச் சொல்கிறேன்.

இதை முன்பே எழுதியிருந்தால் நீங்கள் அடுத்த பஸ்ஸிலேயே இறங்கி வந்திருப்பீர்கள். எனக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமையே இது தெரிந்திருந்தால் அன்றும் பஸ் ஏறியிருப்பீர்கள். அப்புறம் இந்த மனுஷன் வந்தது எனக்காகவா, பிள்ளைக்காகவா என்று ஆயுசு முழுக்க உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து யோசித்துக்கொண்டிருப்பேன். கேட்கவும் முடியாது.

இப்போது நீங்கள் கூப்பிட்டது என்னைத்தான்.

கெங்கம்மாள்